ஐந்தாம் வகுப்புப் படித்த ஆசிரியர்

பள்ளி மலர் என்றால் அதில் சுற்றுலாக் கட்டுரை ஒன்று இருக்கும். காலை எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எந்த ஊரில் சிற்றுண்டி அருந்தினோம், வண்டியில் யார் யார் பாடினார்கள் என்றெல்லாம் எழுதி, "மீண்டும் எப்போது போவோம் என்ற ஏக்கத்துடன் இல்லம் திரும்பினோம்" என்று முடிப்பது வழக்கம். சென்ற பிப்ரவரித் திங்களில் களக்காடு முண்டந்துறைக் காட்டைக் கண்டு வந்த நாங்கள் பதினெட்டுப் பேரும் அப்படி ஒன்றை எழுதித் தரும்படிதான் பணிக்கப்பட்டோம். ஆனால் எழுத உட்கார்ந்ததும் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் மூண்டுவிட்டது. அதில் தேறிய கருத்தையே இங்கு வைக்கிறோம். பெற்றோர் சிலருக்கு இது கசக்கலாம். பொறுத்தருள்க.

கருத்து இதுதான்: காட்டையும் கடலையும் பிழைப்பாகக் கொண்டு அறிந்தவர்களைப் பள்ளிக்கூடம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் வேடிக்கைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புவது போதாது. வகுப்பில் நிற்க வைத்து, கேள்வி கேட்டு, குறிப்பெடுத்து, அதற்குரிய ஊதியமும் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். "கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலைக்காட்டில் என்ன வேலை? கொடைக்கானல் போகலாம், தண்ணீரில் சறுக்கி விளையாடும் பூங்காவுக்குப் போகலாம்" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். நம் ஊர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் தாமிரபரணி அந்தப் பொதிகைக் காட்டில்தான் பிறக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி நம்மிடம் வருகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே கடலில் சேரும் ஆறு இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கி, சருகும் வேரும் நிறைந்த மண்ணில் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் பசுமை மாறாக் காடு. அளவு மீறி மழை கொட்டினால் எந்தக் காட்டாலும் முழுதும் தாங்க முடியாது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதே நேரம் மலையிலும் பெய்த பெருமழை ஆற்றில் இறங்கி நம் வாசலுக்கு வந்தது. அந்தத் தண்ணீர் புறப்படும் இடத்தைப் பார்த்து வருவதை வீண் செலவு என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு கேள்வி: "பெண் பிள்ளைகளைக் காட்டுக்கா?" இதற்குப் பின்னால் பதில் வருகிறது.

முண்டந்துறை 1962-இல் புலிகள் சரணாலயம் ஆயிற்று. களக்காடு 1976-இல், முக்கியமாகச் சிங்கவால் குரங்குக்காக, சரணாலயம் ஆயிற்று. 1988-இல் இரண்டையும் இணைத்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. மணிமுத்தாறு அணையைக் கடந்து, வனத்துறையின் அனுமதி பெற்று, சிறு வண்டிகளில் மாஞ்சோலை வழியாகக் காக்காச்சிப் பகுதிக்கு ஏறினோம். ஏறத்தாழ 4000 அடி உயரம். நம் ஊர் வெயிலில் வளர்ந்த எங்களுக்குப் பகல் பத்து மணிக்கே அங்குக் குளிர் தாளவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு காணிக்காரப் பெரியவர். காணிக்காரர் என்போர் பொதிகையின் இரு பக்கமும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், வாழ்கின்ற பழங்குடி மக்கள். அவர் ஐந்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர். "நான் என்னத்தப் படிச்சேன்" என்று அவரே இரண்டு முறை சொன்னார். நாங்கள் "தாத்தா" என்று அழைத்தோம். அவர் எங்களைப் "பிள்ளைகளா" என்றார். சிஸ்டரை மட்டும் "டீச்சரம்மா" என்றார்.

முந்தைய நாள் மழை பெய்திருந்ததால் பாதையெங்கும் அட்டைகள். தாத்தா ஒரு குச்சியின் நுனியில் துணியில் உப்பை முடிந்து வைத்திருந்தார். காலில் அட்டை ஏறினால் அந்த முடிச்சால் ஓர் ஒற்றல். அட்டை சுருண்டு விழும். "உப்பு உங்க ஊர்ப் பக்கத்து உப்புதான்" என்று சிரித்தார். உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகள் எங்களுள் நால்வர். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு வளைவில் நின்று, தரையில் கிடந்த பழுப்பு நிறப் பூ ஒன்றைப் பொறுக்கிக் காட்டினார். அது வெடிப்பலா மரத்தின் பூ. அதற்கு இதழ்கள் இல்லை. சதைப்பற்றான புற உறைதான் உண்டு. மரக்கிளையிலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், இரவில் வௌவால் என்று பல உயிர்கள் அதைத் தேடி வருகின்றன. கோடை தொடங்கும் முன், பழங்கள் குறைந்த காலத்தில், இந்தப் பூ பல வாய்களுக்குச் சோறு. "இது காலையில கடிச்சது. ஈரம் காயல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பின்பு பாதையை விட்டு விலகாமல், பேசாமல், கால் மணி நேரம் எங்களை நிற்க வைத்தார். உயரே இலை அசைந்தது. வெள்ளிப் பிடரியும் கறுத்த உடலுமாக ஒரு குடும்பமே கிளைவிட்டுக் கிளை போயிற்று. உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சிங்கவால் குரங்குகளை நாங்கள் கண்டது ஒரு பூவில் இருந்த பல் தடத்தினால்.

பறவைகளைப் பற்றியும் அப்படியே. காட்டுக்குள் பறவை பார்ப்பது எளிது என்று நினைப்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். மரங்கள் நூறு அடி உயரம். வெளிச்சம் கீழே இறங்குவதில்லை. நெடுநேரம் ஒன்றும் இராது. திடீரென்று பத்து வகைப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து அலைபோல் வந்து, ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். அந்தக் கூட்டம் வருகிறது என்பதைத் தாத்தா காதினால் முன்கூட்டி அறிந்தார். துடுப்புவால் கரிச்சானின் குரலைத்தான் அவர் கவனிக்கிறாராம். மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே பேசிக் காட்டும் பறவை அது. சில வேளை பருந்தைக் கண்டதுபோல் எச்சரிக்கைக் குரல் எழுப்பி, மற்றவை பதறும்போது இரையைத் தட்டிக்கொண்டு போகும். எங்கள் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், பெயர் வேண்டாம்.

ஓடைக்கரையில் சீகாரப் பூங்குருவி சீட்டியடித்தது. பறவையைக் காணும் முன் யாரோ பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று இருவர் முறைத்துப் பார்த்தார்கள். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளில் மட்டுமே வாழும் சிரிப்பான் ஒன்று உண்டு; உலகில் வேறெங்கும் இல்லை. அது அன்று எங்களுக்குக் காட்சி தரவில்லை. பின்னால் வந்த வேறொரு வண்டியின் பாட்டுச் சத்தத்துக்குப் பிறகு வேறெதுவும் காட்சி தரவில்லை என்பதே உண்மை. வன விலங்குகளைக் காண வருகிறவர்கள் ஒலிபெருக்கியை எதற்காகக் கொண்டு வருகிறார்கள் என்று தெரியவில்லை.

இனி, வாக்குவாதம் தொடங்கிய இடத்துக்கு வருகிறோம். இருவாச்சிப் பறவையைப் பற்றித் தாத்தா இரண்டு செய்திகள் சொன்னார். முதலாவது, பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். ஆணைச் சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியால் சாகும். சிஸ்டர் கையில் வைத்திருந்த சலீம் அலியின் நூலும் பொந்தை அடைத்துக்கொள்ளும் செய்தியைச் சொல்கிறது. இரண்டாவது, இருவாச்சி ஆற்று நீரைத் தொடாது, வானத்திலிருந்து விழும் மழைத்துளியைத்தான் குடிக்கும் என்பது. "இது மூடநம்பிக்கை" என்றாள் எங்களுள் ஒருத்தி. சிஸ்டர் அதற்குத் தந்த விளக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. இருவாச்சி பெரும்பாலும் பழம் தின்பது. அதற்கு வேண்டிய நீர் பழத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே அது ஓடைக்கு இறங்கிக் குடிப்பதை யாரும் காண்பது அரிது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் பார்த்தது சரி. காரணம் மட்டும் கதையாகிவிட்டது. இப்படிப் பார்த்ததையும் கதையையும் பிரித்தெடுக்கத்தான் நாம் அறிவியல் படிக்கிறோம். பார்த்தவரையே தள்ளிவிட்டால் பிரிப்பதற்கு என்ன மிஞ்சும்?

இதே பொதிகையின் கேரளப் பக்கத்தில் 1987-இல் நடந்தது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. அறிவியலார் சிலர் காணிக்கார வழிகாட்டிகளுடன் மலை ஏறினார்கள். அறிவியலார் களைத்து உட்கார, வழிகாட்டிகள் ஏதோ காயை மென்றுகொண்டு சோர்வின்றி நடந்தார்கள். என்ன அது என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. அது அவர்கள் குலத்தின் இரகசியம். பிறகு காட்டிய செடியே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிலையம் அதைக்கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. அதன் உரிமத்தை 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தார்கள். உரிமத் தொகையிலும் பின்வரும் பங்கிலும் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. காணிக்காரருள் எல்லோரும் இதற்கு ஒப்பவில்லை. குலத்தின் இரகசியத்தைச் சொன்னதே தவறு என்ற பெரியவர்களும் இருந்தார்கள். எனினும், வழி காட்டியவனுக்கும் பங்கு உண்டு என்று உலகம் ஏற்றுக்கொண்ட முதல் சில நிகழ்ச்சிகளில் இது ஒன்று. அதுவரை அவன் சுமை தூக்குகிறவன். பெயர்கூட நூலில் இராது.

எங்கள் சுற்றுலாக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். வண்டி வாடகை பெரிது. உணவு அதற்கு அடுத்தது. தாத்தாவுக்குக் கொடுத்தது வழியில் வாங்கிய நொறுக்குத் தீனியின் செலவைவிடக் குறைவு. இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்கும் வழக்கம் அதுதான். அந்த வழக்கம்தான் சரியில்லை என்கிறோம்.

திரும்பும் வழியில் தாத்தா சொன்னது: "என் பேரன் கீழே விடுதியில தங்கிப் பத்தாவது படிக்கான். நல்லாப் படிக்கான். இந்த மரத்துப் பேரு கேட்டா முழிப்பான்." அவர் வருத்தப்பட்டுச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. இரண்டும் என்றுதான் தோன்றுகிறது.

மாஞ்சோலையிலும் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு பம்பாய் நிறுவனம் எடுத்தது. குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இல் தோட்டத்தை மூடும் ஏற்பாடு தொடங்கியது. நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. காடு காடாகத் திரும்புவது நல்லதே என்று எங்களுள் பலர் எண்ணுகிறோம். ஆனால் யானை எந்த மாதம் எந்தச் சரிவில் கடக்கும் என்று அறிந்த அந்தத் தாய்மார்கள் சமவெளியில் ஏதோ ஒரு கூலி வேலைக்குப் போய்விட்டால், அந்த அறிவு யாருக்கும் பயன்படாமல் போகும். அவர்களையே காட்டின் காவலுக்கும் வழிகாட்டலுக்கும் வைத்தால் என்ன?

அப்படிச் செய்த இடங்கள் இருக்கின்றன. தேக்கடியில் காட்டு மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களையே 1990-களின் பிற்பகுதியில் வழிகாட்டிகள் ஆக்கினார்கள். திருடன் வந்த வழி திருடனுக்குத் தெரியும் அல்லவா! அங்கேயே 'வசந்த சேனை' என்று பெண்கள் அணி ஒன்று, சம்பளம் வாங்காமல், முறை வைத்துக் காட்டில் ரோந்து போய்ச் சந்தன மரங்களைக் காத்தது. தட்டேக்காட்டுப் பறவைகள் சரணாலயத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த சுதாம்மா என்னும் அம்மையார், வருகிற பறவை அறிஞர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்று, வெளிநாட்டாருக்கும் பறவை காட்டும் வழிகாட்டி ஆனார். பெண் பிள்ளைகளைக் காட்டுக்கா என்று கேட்ட மாமாக்களுக்கு இதுவே எங்கள் பதில்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் வீடுகளில் தினமும் கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு: "படிக்காட்டா உங்கப்பனைப் போலக் கடலில் கிடந்து சாக வேண்டியதுதான்." அம்மாக்கள் அன்பினால் சொல்கிறார்கள். கடலின் ஆபத்தை நேரில் கண்டவர்கள் அவர்கள். நாங்கள் படிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வார்த்தையைப் பத்து ஆண்டுகள் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அப்பாவின் அறிவு அறியாமையாகத் தெரியத் தொடங்குகிறது.

அப்பாக்களுக்குத் தெரிந்தது கொஞ்சமா? ஆலாப் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டுக் கடலில் பாய்ந்தால் கீழே மீன் திரள் உண்டு என்று வள்ளத்தைத் திருப்புகிறவர்கள் அவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துக் கடலுக்கடியில் உள்ள பாரைக் கண்டுபிடிக்கிறார்கள். கழிமுகத்து அலையாத்தி மரங்களுக்கிடையே எந்த மாதம் எந்த மீன் குஞ்சு பொரிக்கும், பூநாரைகள் எந்தக் காற்றுக்கு உப்பளம் தேடி வரும் என்று கேட்டால் சொல்வார்கள். நாங்கள் கேட்டதில்லை, கேட்கச் சொல்லித் தந்ததும் இல்லை. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அப்போது இருபது வயதில் மூழ்கியவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. மூச்சை எப்படி அடக்கினார்கள், எந்தப் பாரில் எந்தச் சிப்பி கிடந்தது என்பதை அவர்கள் வாயால் கேட்க நமக்கு இருப்பது சில ஆண்டுகளே.

நம் ஊருக்கு இது புதிய முறையும் அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்து புன்னைக்காயலில் பல ஆண்டுகள் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், போர்ச்சுகலில் பெரும் கல்வி கற்றவர். அவர் தமிழை இங்குள்ளவர்களிடம் மாணவராய் இருந்தே கற்றார். அதனால்தான் அவர் தமிழுக்கு இலக்கணம் எழுத முடிந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் மொழிபெயர்த்ததே. குருவானவர் ஒருவர் கடற்கரை மக்களிடம் பாடம் கேட்டார் என்றால், பதினோராம் வகுப்பு மாணவியர் கேட்பதில் என்ன குறைச்சல்?

எனவே மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் எங்கள் வேண்டுகோள். மாதம் ஒரு பாடவேளை, வெள்ளிக்கிழமை கடைசி வேளையானாலும் சரி, ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் கொடுங்கள். சங்கு குளிப்பவர், வலை பின்னும் பாட்டி, உப்பளத்துக் கங்காணி, யாரானாலும் சரி. சுற்றுலாக் கட்டணத்தில் இருபது ரூபாய் கூட்டி, அதிலிருந்து அவர்களுக்கு ஊதியம் கொடுங்கள். தேர்வில் இது வராது என்று சில தோழியர் இப்போதே முணுமுணுக்கிறார்கள். வராவிட்டால் என்ன? பாட்டு வகுப்பும்தான் தேர்வில் வருவதில்லை. பொதிகைப் பயணத்தை ஆண்டுதோறும் வையுங்கள். ஆனால் இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஐம்பது பேர் போனால் குரங்கும் வராது, குருவியும் வராது.

இதற்கிடையே சிறிய வேலை ஒன்றைத் தொடங்கிவிட்டோம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் கணக்கெடுப்பு 2011 முதல் சனவரி மாதங்களில் நடந்து வருகிறது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை முன்னின்று நடத்துகிறது. வரும் சனவரிக்கு எங்களுள் ஒன்பது பேர் பெயர் கொடுக்க இருக்கிறோம். பள்ளியில் இருநோக்கிகள் இரண்டுதான் உள்ளன; ஒன்றுக்கு வார் அறுந்திருக்கிறது. பழகிக்கொள்வதற்காக அடுத்த மாதம் கழிமுகத்தில் ஒரு காலை எண்ணிப் பார்க்கப் போகிறோம். எங்களில் ஒருத்தியின் தாத்தா, நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர், கூட வந்து இடம் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். என்ன தர வேண்டும் என்று கேட்டதற்கு, விடிவதற்கு முன் ஐந்து மணிக்குத் துறையில் நிற்க முடியுமா என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.